இவ்வளவு கெட்டிக்காரர் ஏன் பள்ளியிலேயே இருந்துவிட்டார்?

"399 ஆட்டங்களை வென்ற ஒருவர் கடைசிவரை பள்ளிக்கூட கோச்சாகவே இருந்தாராமே, அவ்வளவு திறமை இருந்தால் கல்லூரிக்கோ தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லுக்கோ போயிருக்க மாட்டாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கலிபோர்னியாவின் பாப் லாடசூரைத்தான் சொல்கிறீர்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் கோச்சின் தொழில் வாழ்க்கை எப்படித்தான் நகரும் என்பது உங்கள் அடுத்த கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டால் முதல் கேள்விக்குப் பாதி விடை தானாக வந்துவிடும்.

இங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். அணிக்கு 11 பேர், பள்ளி அளவில் 12 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள், 10 கஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள். ஆட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவு. அந்த இரவுக்கு நாட்டுச் சட்டத்திலேயே இடம் உண்டு. 1961-ல் வந்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டத்தின் தயவில்தான் செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை வெள்ளி இரவுகளில் என்.எஃப்.எல். டிவி பக்கம் வராமல் ஒதுங்கி நிற்கிறது. பள்ளி ஆட்டத்துக்குக் கூட்டம் குறைந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

இனி அந்த வேலையைப் பார்ப்போம். முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது, இவர் ஓர் ஆசிரியர். வரலாறோ கணக்கோ உடற்கல்வியோ காலையில் பாடம் எடுக்கிறார், மூன்று மணிக்கு மேல் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார். பெரும்பாலான மாநிலங்களில் கோச்சிங்குக்குத் தனிச் சம்பளம் கிடையாது. ஆசிரியர் சம்பளத்தின் மேல் சீசனுக்குச் சில ஆயிரம் டாலர் ஸ்டைபெண்ட் என்ற ஊக்கத்தொகை, அவ்வளவுதான். செலவழித்த மணிக்கணக்கால் அதை வகுத்துப் பார்த்தால் சிரிப்பு வரும் (வகுத்துப் பார்ப்பது பெரும்பாலும் அவர் மனைவிதான்). டெக்சஸ் கதை வேறு. அங்கே பெரிய பள்ளி மாவட்டங்களில் ஹெட் கோச்சே அத்லெடிக் டைரக்டராகவும், அதாவது எல்லா விளையாட்டுகளுக்கும் பொறுப்பாளராகவும் இருப்பார், பாடம் எடுக்கும் வேலை குறையும், சம்பளம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். ஆலன் நகரப் பள்ளி 2012-ல் சுமார் 6 கோடி டாலரில் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் கட்டியது. இரண்டே வருடத்தில் கான்கிரீட்டில் விரிசல் கண்டு அதை மூடிவைத்துச் சரிசெய்ய வேண்டிவந்தது தனிக்கதை.

அதே டெக்சஸ்தான் 1984-ல் 'பாஸானால்தான் ஆட்டம்' என்று சட்டம் போட்டது. ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனாலும் பையன் வெளியே உட்கார வேண்டும். கோச்சுகள் அன்று கொந்தளித்தார்கள். என் கணக்கில் அந்தச் சட்டம் அவர்களுக்கு நல்லதையே செய்தது. பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் ஸ்டார் குவார்ட்டர்பேக்கின் வேதியியல் மதிப்பெண்ணை வாராவாரம் விசாரித்துக்கொண்டு ஒவ்வொரு ஆசிரியரின் அறைக் கதவையும் தட்டும் ஆளாக கோச் மாறினார்.

ஏணி எப்படி இருக்கும்? சுமாராக ஆடிய ஒரு கல்லூரி வீரன் ஆசிரியர் தகுதி பெறுகிறான். நடுநிலைப் பள்ளியிலோ ஒன்பதாம் வகுப்பு அணியிலோ துணைக் கோச்சாக நுழைகிறான். மைதானத்தில் கோடு போடுவது, ஜெர்சி துவைப்பது, பஸ் ஓட்டுவது எல்லாம் அவன் தலையில். பிறகு ஒரு நிலைக்கு மட்டும் கோச், அதாவது முன்வரிசையில் நின்று மறிக்கும் லைன்மேன்களுக்கோ, எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களுக்கோ. அடுத்து அட்டாக் முழுவதற்குமோ டிஃபென்ஸ் முழுவதற்குமோ பொறுப்பான கோஆர்டினேட்டர். அதற்கும் பிறகுதான் ஹெட் கோச் நாற்காலி, அதுவும் யாரும் விரும்பாத, தோற்றுத் தோற்றுப் பழகிய ஒரு பள்ளியில். நல்ல பள்ளியின் நாற்காலி சுலபத்தில் காலியாகாது.

இனி நீங்கள் சொன்ன 399-க்குச் சொந்தக்காரரான பாப் லாடசூருக்கு வருவோம். அவர் 1979-ல் கலிபோர்னியாவின் கான்கர்ட் நகரில் டி லா சால் பள்ளிக்கு வந்தபோது வயது இருபதுகளின் நடுவில். அது ஆண்கள் மட்டும் படிக்கும் கத்தோலிக்கப் பள்ளி. அந்தப் பள்ளி அதுவரை ஒரு சீசனைக்கூடத் தோல்விகளைவிட அதிக வெற்றிகளோடு முடித்ததில்லை. வகுப்பில் அவர் எடுத்தது சமயக் கல்வி. 2012 சீசனோடு விலகும்போது கணக்கு 399 வெற்றி, 25 தோல்வி, 3 டிரா. நடுவே 1992 முதல் 2003 வரை பன்னிரண்டு சீசன்கள் ஒரு தோல்வியும் இல்லை: தொடர்ந்து 151 வெற்றி. அதற்கு முன்பு நாட்டின் சாதனை மிச்சிகனின் ஹட்சன் பள்ளி வைத்திருந்த 72. இவர் அதைத் தாண்டியதோடு நிற்கவில்லை, இரட்டிப்பாக்கிவிட்டார்.

எப்படி என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ரகசிய ஆட்டமுறை ஏதோ இருக்கும் என்ற நினைப்பு. அவர் ஆடவைத்தது வீர் என்ற பழைய முறை, 1960-களில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பில் யோமன் உருவாக்கியது. அதன் சூட்சுமம் சுவையானது. எதிரணியின் டிஃபென்ஸ் வரிசையில் ஒருவனை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டுவிடுவார்கள். அவன் எந்தப் பக்கம் பாய்கிறான் என்று குவார்ட்டர்பேக் ஓடிக்கொண்டே கவனிப்பான். உள்ளே நுழையும் ஓட்டக்காரனைப் பிடிக்கப் போனால் பந்தைத் தானே வைத்துக்கொண்டு வெளியே ஓடுவான். தன்மேல் பாய்ந்தால் உள்ளே போகிறவனிடம் திணித்துவிடுவான். வெளியே இன்னொருத்தன் வந்து மறித்தால் பக்கத்தில் ஓடுகிறவனுக்குத் தட்டிவிடுவான். ஆக, தடுக்காத அந்த ஒருத்தன் என்ன செய்தாலும் தப்பு. தடுக்க வேண்டிய ஆட்களில் ஒருத்தன் குறைந்துவிடுவதால் சிறிய உடம்புக்காரர்களை வைத்தும் பெரிய அணியை அசைக்கலாம். பள்ளிக்கு இது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். பள்ளி கோச் ஆள் பொறுக்க முடியாது, அந்த வருடம் எந்தப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்களோ அவர்களைத்தான் ஆடவைக்க வேண்டும்.

ஆனால் காகிதத்தில் எளிதாகத் தெரியும் இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. அந்த முடிவை அரை நொடிக்குள் எடுக்க வேண்டும், லைன்மேன் ஐந்து பேரும் ஒரே மூச்சில், தாழக் குனிந்தபடி கிளம்ப வேண்டும். டி லா சால் அணியின் பழைய ஆட்டப் பதிவுகள் கிடைத்தால் பந்தைப் பார்க்காதீர்கள், அந்த ஐந்து பேரின் முதல் அடியைப் பாருங்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதைக் கண்ணால் காணலாம். ஜனவரியில் எடை தூக்கிப் பழகும் வெயிட் ரூமில் தொடங்கி, வசந்தம், கோடை என்று எட்டு மாதம் அதே அடியைத் திரும்பத் திரும்ப எடுத்துவைத்து வந்தது அது. ரசிகர்களுக்கு செப்டம்பரில் சீசன் தொடங்குகிறது. கோச்சுக்கு ஆகஸ்டிலேயே பாதி முடிந்துவிடும்.

அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன அட்டை. ஒவ்வொரு வாரமும் ஆட்டத்துக்கு முந்தைய இரவு அணி கூடிச் சாப்பிடும்போது, ஒவ்வொரு பையனும் உடற்பயிற்சிக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று, ஆட்டத்துக்கு ஒன்று என்று இலக்குகளை அட்டையில் எழுதி எல்லோர் முன்னாலும் படிப்பான். படித்துவிட்டு அந்த அட்டையைக் கோச்சிடம் கொடுக்க மாட்டான், சக ஆட்டக்காரன் ஒருவனிடம் கொடுப்பான். சொன்னதைச் செய்தானா என்று அடுத்த வாரம் எழுந்து சொல்ல வேண்டியவன் அவன்தான். இதில் ஒரு வாத்தியாரின் தந்திரம் இருக்கிறது. பதினேழு வயதுப் பையன் பெரியவரிடம் பொய் சொல்லிச் சமாளித்துவிடுவான். வெயிட் ரூமில் பக்கத்தில் நின்றவனிடம் அது நடக்காது.

2001 அக்டோபரில் நாட்டின் முதலிடத்திலும் இரண்டாமிடத்திலும் இருந்த பள்ளிகள் முதல் முறையாக நேருக்கு நேர் மோதின. டி லா சால் தெற்கே போய் லாங் பீச் பாலி பள்ளியை 29-15 என்று வென்றது. பின்னாளில் என்.எஃப்.எல்.லில் மாரிஸ் ஜோன்ஸ்-ட்ரூ என்று பெயர் வாங்கிய பையன் அன்று நான்கு டச்டவுன் போட்டான், அதாவது நான்கு முறை பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்தான். 151 வெற்றிகளின் அந்தத் தொடர் முடிந்த வருடம் 2004. அந்த ஆகஸ்டில், அப்போதுதான் பள்ளியை முடித்திருந்த ஒரு வீரர், ஓரிகன் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பச் சில நாட்களே இருக்கும்போது ரிச்மண்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். மூன்று வாரம் கழித்து சியாட்டிலில் பெல்வியூ பள்ளியிடம் 39-20 என்று அணி தோற்றது. அந்த இரண்டையும் சேர்த்து ஒரு சோகக் கதையாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெல்வியூவும் பந்தை எறிவதைவிட ஓடுவதையே நம்பிய, கட்டுக்கோப்பான அணி. அன்று அவர்கள் நன்றாக ஆடினார்கள்.

லாடசூரின் கடைசி ஆட்டம் 2012 டிசம்பரில் மாநில இறுதி, கரோனா நகரின் சென்டெனியல் பள்ளிக்கு எதிராக 48-28 வெற்றி. அதுதான் 399-வது. இன்னொரு செப்டம்பர் இருந்திருந்தால் 400. ஜனவரியில் விலகிவிட்டார்.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு பெயர் டெரி ஐட்ஸன். டிஃபென்ஸ் முழுக்க அவர் பொறுப்பு, பல பத்தாண்டுகள் லாடசூரின் பக்கத்திலேயே இருந்தார். டெக்சஸில் கார்டன் வுட் என்றொரு கோச் இருந்தார், பிரவுன்வுட் நகருக்கு 1960-ல் வந்த முதல் வருடமே மாநிலப் பட்டம் வென்று, அங்கே மட்டும் ஏழு பட்டங்களும், 1985-ல் ஓய்வு பெறும்போது எல்லாப் பள்ளிகளிலுமாக 396 வெற்றிகளும் சேர்த்தார். அவருக்கும் மோரிஸ் சவுத்தால் என்று ஒருவர் பள்ளி பள்ளியாகக் கூடவே வந்தார். நீண்ட நாள் வென்ற ஹெட் கோச்சின் பக்கத்தில், தானே ஹெட் கோச்சாகியிருக்கக்கூடிய, ஆனால் போகாத ஒருவர் இருப்பார். யாராவது ஒரு கோச் மூன்று வருடத்துக்கு ஒருமுறை துணைக் கோச்சுகளை மாற்றுகிறார் என்றால் அந்த அணியைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

நிலைத்திருப்பதற்கு உச்சம் ஜான் மெக்கிஸிக். தென் கரோலினாவின் சம்மர்வில் பள்ளியில் 1952-ல் சேர்ந்து 2014 வரை 63 சீசன், 621 வெற்றி, பத்து மாநிலப் பட்டம். 2012-ல் 600-ஐத் தாண்டியபோது எந்த மட்டத்திலும் அதைத் தொட்ட முதல் ஃபுட்பால் கோச் அவர்தான். தாத்தா, அப்பா, பேரன் என்று ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைக்கு அவர் கோச். அவருக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் அவருடைய பேரன்.

எண்களை அப்படியே விழுங்கிவிடவும் வேண்டாம். டி லா சால் தனியார் பள்ளி, சுற்றுவட்டார ஊர்கள் பலவற்றிலிருந்து பிள்ளைகள் சேரலாம். அரசுப் பள்ளி தன் எல்லைக்குள் வசிக்கும் பிள்ளைகளை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு பல வருடம் அவர்கள்மேல் இருந்தது, அவர்களும் பல வருடம் மறுத்தார்கள். வென்று பழகிய பள்ளிக்கு நல்ல ஆட்டக்காரர்கள் தாமாகவே தேடி வருவார்கள் என்பது என்னவோ உண்மை. ஆனால் 1979-ல் அங்கே யாரும் தேடி வரவில்லை. அதனால் அவருடைய பெருமையை நான் 151-ல் வைப்பதில்லை, முதல் ஐந்தாறு வருடங்களில் வைக்கிறேன். இன்னொரு எண்ணும் இருக்கிறது. வட கலிபோர்னியா அணிகளிடம் 1991-க்குப் பிறகு தோற்காமல் டி லா சால் 318 ஆட்டங்கள் ஆடியது. அது முடிந்தது 2021-ல், அவர் போய் எட்டு வருடத்துக்கும் மேல் ஆன பிறகு, அவருடைய பழைய மாணவர் ஜஸ்டின் அலம்பா ஹெட் கோச்சாக இருக்கும்போது.

வேலையின் மற்றப் பகுதிகள் வெளியே தெரியாது. சனிக்கிழமை காலை முந்தைய இரவின் வீடியோ, ஞாயிறு துணைக் கோச்சுகளோடு அடுத்த எதிரியின் வீடியோ. ஒரு காலத்தில் இரண்டு கோச்சுகள் காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் பாதி வழியில் சந்தித்து ஃபிலிம் சுருள்களை மாற்றிக்கொள்வார்கள். இப்போது ஹடல் என்ற இணையச் சேவையில் இரவோடு இரவாக வந்துவிடுகிறது. நேரம் மிச்சமாகும் என்று நினைத்தார்கள், பார்க்க வேண்டிய வீடியோதான் பெருகியது. பிறகு பெற்றோர். என் மகனை ஏன் இறக்கவில்லை என்ற மின்னஞ்சல் தோற்ற வாரத்தில் மட்டும் வருவதில்லை, வென்ற வாரத்திலும் வரும். பணம் திரட்டித்தரும் பூஸ்டர் கிளப்பில் யாருடைய அப்பா தலைவர் என்பதை கோச் மறக்கவும் கூடாது, நினைவில் வைத்திருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் காலம் உண்மையாகவே மாறியிருக்கிறது. தலையில் அடிபட்டவனை 'ஒன்றுமில்லை, போ' என்று திருப்பி அனுப்புவதும், வெயிலில் தண்ணீர் தராமல் ஓடவிடுவதும் ஒருகாலத்தில் கோச்சின் கண்டிப்புக்கு அடையாளமாக இருந்தன. 2008-ல் கென்டக்கியில் கடும் வெயில் பயிற்சியில் சுருண்டு விழுந்த 15 வயதுப் பையன் இறந்தான். கோச் மீது குற்ற வழக்கு வந்தது, மறு வருடம் ஜூரி அவரை விடுவித்தது. விடுதலையானாலும் ஒரு கோச் குற்றவாளிக் கூண்டில் நின்றதை நாடு முழுக்க ஒவ்வொரு கோச்சும் பார்த்தார். தலையடி பட்டதாகச் சந்தேகம் வந்தாலே வெளியேற்று, மருத்துவத் தகுதி உள்ளவர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப விடாதே என்ற சட்டத்தை வாஷிங்டன் மாநிலம் 2009-ல் போட்டது. 2014-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் தலையடிக்கென்று ஏதோ ஒரு சட்டம் வந்துவிட்டது. பயிற்சி மைதானத்தின் ஓரத்தில் ஐஸ் தண்ணீர் நிரப்பிய தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். வெப்பத்தாக்கில் விழுந்தவனை முதலில் அதில் போட்டுக் குளிர்விக்க வேண்டும், ஆம்புலன்ஸில் ஏற்றுவது அதற்குப் பிறகு. பதக்க அலமாரியைவிட அந்தத் தொட்டி கோச்சைப் பற்றி அதிகம் சொல்லும்.

சரி, மேலே போவது. போய் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். ஒஹையோவின் மாசிலன் பள்ளியில் ஒன்பது வருடத்தில் 80 வெற்றி, 8 தோல்வி, 2 டிரா என்று ஆடவைத்த பால் பிரவுன் 1941-ல் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார், மறு வருடமே தேசியப் பட்டம். பிறகு கிளீவ்லேண்டின் தொழில்முறை அணிக்கே அவர் பெயர் வைக்கப்பட்டது. பின்னாளில் என்.எஃப்.எல்.லின் புகழ்பெற்ற கோச்சான வின்ஸ் லொம்பார்டி நியூ ஜெர்சியில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் லத்தீனும் இயற்பியலும் வேதியியலும் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் கோச்சானார்.

ஜெர்ரி ஃபௌஸ்ட் கதை எதிர்ப்பக்கம். சின்சினாட்டியின் மோலர் பள்ளியில் ஐந்து மாநிலப் பட்டம் வென்றவரை 1981-ல் நோட்டர் டேம் பல்கலைக்கழகம் நேராகக் கூட்டிக்கொண்டு போனது. ஐந்து வருடத்தில் 30 வெற்றி, 26 தோல்வி, ஒரு டிரா. நோட்டர் டேம் என்ற பெயருக்கு அது போதாது, விலகினார். ஆர்கன்சாவில் புலாஸ்கி அகாடமியின் கெவின் கெல்லி நான்காவது வாய்ப்பில் பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுக்கவே மறுத்தவர். அந்தப் பிடிவாதத்தோடு ஒன்பது மாநிலப் பட்டம் வென்றார். 2021-ல் பிரெஸ்பிடேரியன் கல்லூரிக்குப் போய் 2 வெற்றி, 9 தோல்வி, ஒரே சீசனில் வெளியே வந்தார்.

இவர்களுக்குத் திறமை திடீரென்று வற்றிப்போகவில்லை. கல்லூரியில் கோச்சின் வேலையில் பெரும்பங்கு ஆள் பிடிப்பது: நாடு முழுக்கப் பறந்து, வரவேற்பறைகளில் உட்கார்ந்து, பதினேழு வயதுப் பையனின் அம்மாவைச் சம்மதிக்க வைப்பது. பள்ளியில் வேலை, வந்து நிற்கிறவனை நான்கு வருடம் வைத்து வளர்ப்பது. லாடசூர் மாதிரி ஒருவரை ஆள் பிடிக்க அனுப்புவது, நல்ல தச்சரை மர வியாபாரத்துக்கு அனுப்புவது போல. இரண்டிலும் மரம் உண்டு, அவ்வளவுதான் ஒற்றுமை. பள்ளியிலேயே இருந்துவிட்டவரை 'மேலே போகாதவர்' என்று கணக்கு வைப்பதை நான் ஏற்கவில்லை.

கடைசியாக டாட் டாட்ஜ். டெக்சஸின் சவுத்லேக் கேரல் பள்ளியில் 2002 முதல் 2006 வரை 79 வெற்றி, ஒரே தோல்வி, அதுவும் 2003 இறுதியில் கேட்டி பள்ளியிடம் ஒரே புள்ளியில், 16-15. நார்த் டெக்சஸ் பல்கலைக்கழகம் கூப்பிட்டது, போனார். 6 வெற்றி, 37 தோல்வி. நான்காவது சீசன் முடிவதற்குள் வேலை போயிற்று. பிறகு பள்ளிக்கே திரும்பினார், முதலில் மார்பிள் ஃபால்ஸ் என்ற சின்ன ஊருக்கு, அடுத்து ஆஸ்டின் பக்கத்து வெஸ்ட்லேக்குக்கு. அங்கே 2019, 2020, 2021 சீசன்களில் தொடர்ந்து மூன்று மாநிலப் பட்டம். அதில் இரண்டாவது பட்டத்துக்கான இறுதி ஆட்டம் 2021 ஜனவரியில், டல்லாஸ் கவ்பாய்ஸ் மைதானத்தில். எதிரணி அவருடைய பழைய சவுத்லேக் கேரல், அதன் ஹெட் கோச் அவருடைய மகன் ரைலி. அப்பா 52-34 என்று வென்றார். மூன்றாவது பட்டத்தோடு ஓய்வு பெற்றார். 2024-ல் லவ்ஜாய் என்ற இன்னொரு பள்ளிக்கு வேலைக்கு வந்துவிட்டார்.